ரோஷிணி அம்மா

புனிதா. என் பேர் புனிதா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர், காலை ஷிப்ட், வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஒரே பெண். இதையே மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே கிடக்கிற மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் என்னைப் பற்றிய உண்மையில்லை, என் பக்கத்து வீட்டுப் புனிதாவைப் பற்றியது. நான் குணவதி. கடைத்தெரு ரெடிமேட் கடையில் பில் போடுகிறவள், இன்றைக்குத் தலைவலி என்று சொல்லி லீவு. இந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. கொஞ்சம் அசைந்தால் டக் என்கிறது, டக் என்றதும் எதிரே தூணோரம் நிற்கிற ரோஷிணி என்னை முறைக்கிறாள். அவள் பயம் அவளுக்கு. பதினொன்றாம் வகுப்பு, இரட்டைப் பின்னல், நெற்றியில் சின்னதாக விபூதி, பார்க்கிறவர்களுக்கு இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றுதான் தோன்றும். இது குடித்த பால் சாதாரணப் பாலா? திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்து மைக்கை யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் ஏதோ மீட்டிங்கென்று கிளம்பிவிட்டார். சாப்பாட்டு பெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் இவள் மேடைப்பக்கம் போய், சிநேகிதியைச் சிரிக்க வைப்பதற்காக, அசல் மேடம் குரலில், தொண்டையைக்கூட அவரைப்போலவே செருமி, "மாணவச் செல்வங்களே, இன்று மதியம் பள்ளி விடுமுறை, ஓடாமல் வரிசையாகச் செல்ல வேண்டும், புரிகிறதா?" என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வகுப்பிலும் ஸ்பீக்கர். அப்புறம் யார் வரிசையாகப் போவார்கள்? ஆறாம் வகுப்பிலிருந்து அத்தனையும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டன. சத்துணவில் அவித்த முட்டையெல்லாம் அப்படியே கிடந்ததாம். இரண்டு டீச்சர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக் கிளம்பியேவிட்டார்களாம். மேடத்துக்கு மற்றதைவிட அதில்தான் எரிச்சல் என்று கேள்வி. "போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா, அதுவரைக்கும் வகுப்புக்குள்ள கால் வைக்காதே." அன்றிலிருந்து ரோஷிணி வராந்தாவில் நிற்கிறாள். புனிதாவுக்கு இது தெரியாது. தெரியக் கூடாது, அதற்குத்தான் நான்.

புனிதா. புனிதா. யாராவது குணவதி என்று கூப்பிட்டால் திரும்பிவிடக் கூடாது. யார் கூப்பிடப் போகிறார்கள், இங்கே என்னைத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் இல்லை, இருந்த சார்களும் டீச்சர்களும் எப்போதோ ரிடையர் ஆகிப் போய்விட்டார்கள். ஆதார் கார்டு கேட்பார்களோ? போனுக்கு சிம் வாங்கப் போனாலே கேட்கிறான். கேட்டால் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றால்? அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற புத்தியால்தான் நான் இந்த வயதில் வேறொருத்தியின் பேரை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மறுத்திருக்கலாம். நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், இவள் வந்து கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக வந்தால் எங்கள் வீட்டு ஓனர் மாதிரி ஒருமுறை இருமிக்காட்டுவாள், காய்கறி வண்டிக்காரர் மாதிரி கூவுவாள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். நேற்று ஒன்றும் செய்யவில்லை. "ஆன்ட்டி, ஒரு நாளைக்கு மட்டும் எங்கம்மாவா வர்றியா?" என்றாள். போடி இவளே என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் அழுதாள். போன வருஷம் கணக்கு சார் மாதிரி பேசிக்காட்டி மாட்டிக்கொண்டு, ஸ்கூலில் சீட்டு எழுதி அனுப்பியபோது புனிதா சொன்னது எனக்கும் கேட்டது, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தானே. "இன்னொரு தடவ ஸ்கூல்லேர்ந்து புகார் வந்துச்சு, படிச்சது போதும்னு கம்பெனிக்கு இட்டுனு போயிடுவேன், சட்டைக்குக் காஜா எடுக்க உக்காந்துக்கோ." புனிதா வெறும் வாய்க்குச் சொல்கிறவள் இல்லை. டிவி பார்க்காதே என்றாள், கேட்கவில்லை, டிவியையே விற்றுவிட்டாள். அதனால் சரி என்றேன்.

உள்ளே மேடம் யாரிடமோ பேசுகிற குரல் வருகிறது. தொண்டையைச் செருமுகிறார், "புரிகிறதா?" என்கிறார், எனக்குச் சட்டென்று சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் இந்தக் குரலை நான் மொட்டை மாடியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இப்போது அசலைக் கேட்டால் மேடம்தான் ரோஷிணி மாதிரி பேசிக்காட்டுகிறார் என்று தோன்றுகிறது. உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் புரிகிறதா என்று கேட்டு நான் சிரித்துத் தொலைத்தால் எல்லாம் போச்சு. துக்கமான எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டும். நான் படித்த இதே ஸ்கூலில் உட்கார்ந்து துக்கமாக நினைக்கவா எனக்குப் பஞ்சம். அதோ போர்டிகோ சுவரில் அந்தக் கல்வெட்டு, திறப்பு விழாக் கல், எங்கள் காலத்தில் அதன் மேல் இவ்வளவு பெயின்ட் இல்லை, மந்திரி பேரைக் கையால் தடவியே படிக்கலாம். ஏரி ஸ்கூல் என்றுதான் சொல்வோம். சித்தேரிப்பாக்கம் அரசினர் உயர்நிலைப் பள்ளி என்று போர்டு இருக்கும், யார் சொன்னார்கள் அதை? ஏரியில் பாதியைத் தூர்த்து மனை போட்டார்கள், யாரும் வாங்காத பள்ளத்தை ஸ்கூலுக்கு விட்டார்கள், அப்படி வந்த ஸ்கூல். முதலில் கீற்றுக் கொட்டகைதான். மழை வந்தால் லீவு, வெயில் வந்தால் வேப்பமரத்தடி. ரயிலில் வந்து இறங்கி இந்தப் பக்கம் குடியேறிய கம்பெனி ஆட்கள், கொத்தனார்கள், பஸ் டிப்போக்காரர்கள், எல்லார் பிள்ளைகளும் இங்கேதான். கூட்டம் தாங்காமல் காலையில் பெண்களுக்கும் மதியத்துக்கு மேல் பையன்களுக்கும் என்று ஷிப்ட் போட்டார்கள். நாங்கள் கிளம்பும்போது அவர்கள் வருவார்கள், கேட்டில் ஒரே தள்ளுமுள்ளு, அந்தத் தள்ளுமுள்ளில் கல்யாணம்வரைக்கும் போன கதையெல்லாம் உண்டு. ஒரே டெஸ்க்கில் காலையில் நான், மதியம் எவனோ ஒருத்தன். நான் காம்பஸ் முனையால் ஒரு பூ செதுக்கிவைத்தால் மறுநாள் அதற்குக் காம்பு வந்திருக்கும், நான் இலை போட்டால் அடுத்த நாள் தொட்டி வந்திருக்கும். அவன் யாரென்று கடைசிவரை தெரியாது. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளியை நான் செதுக்கி முடிப்பதற்குள் எனக்கு ஸ்கூலே முடிந்துபோய்விட்டது.

பெல் அடிக்கிறது. இப்போது எலெக்ட்ரிக் பெல், காதைக் கிழிக்கிறது. அப்போது தண்டவாளத் துண்டுதான், அடித்து ஓய்ந்த பிறகும் ஒரு ரீங்காரம் மிச்சமிருக்கும். பிள்ளைகள் வகுப்பு மாறி லேபுக்கு ஓடுகிறார்கள். பையன் ஒருவன் ரோஷிணியைத் தாண்டும்போது தொண்டையைச் செருமிக்காட்டிவிட்டு ஓடுகிறான், அவன் பின்னால் வந்த பெண்கள் கூட்டம் களுக்கென்று சிரிக்கிறது, ஒருத்தி ரகசியமாக ரோஷிணியின் கையில் ஒரு தேன்மிட்டாயைத் திணித்துவிட்டுப் போகிறாள். ஸ்கூல் முழுக்க இவள்தான் ஹீரோயின், தெரிகிறது. ஹீரோயின் மிட்டாயைத் தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல் முஷ்டிக்குள் வைத்திருக்கிறாள், விரலிடுக்கில் ஜீரா கசிகிறது. வாடி, என் கர்ச்சீப்பில் துடை என்று சொல்ல வாயெடுத்தேன், பேசாதே என்று கண்ணாலேயே சொல்கிறாள். நானும் இதே மாதிரிதான் நின்றேன். இந்த வராந்தா அப்போது இல்லை, அதோ நிற்கிற அந்த வேப்பமரம் இருந்தது, அதன் கீழே. ஒன்பதாவது. ஏரிக்கரையில் சினிமா ஷூட்டிங் என்று யாரோ சொல்ல, ஒரு பெஞ்சே கிளம்பி, பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போனோம். என்னத்தைப் பார்த்தோம்? ஒரு குடையும் ஒரு நாற்காலியும் பார்த்தோம், நாற்காலியில் யாரும் இல்லை. திரும்பி வந்தால் கேட்டிலேயே பிடித்துவிட்டார்கள். எல்லாரும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்கள் மறுநாளே கூட்டிக்கொண்டு வந்து, திட்டு வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மட்டும் மரத்தடியில். அப்பா வெளியூரில் வேலை. அம்மா சித்தாள். காலையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது "நாளைக்கு வரேன்டி" என்பாள். மறுநாளும் நாளைக்குதான். நான் மரத்தடியில் நின்றுகொண்டே பாடத்தைக் கேட்டேன், ஜன்னல் வழியாகப் பாதிதான் கேட்கும், கொஞ்ச நாளில் அந்தப் பாதியும் பிடிக்காமல் போனது. ஒருநாள் கிளம்பவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே நின்றுவிட்டது. அம்மாமேல் எனக்குக் கோபம், லேசுப்பட்ட கோபமில்லை. என் கல்யாணத்தன்று அவள் கும்பிட்டு அழுதபோதும் மனசு இளகவில்லை. என் பையனை நான் இந்த ஸ்கூலில் சேர்க்கவில்லை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மெட்ரிகுலேஷனில் படிக்க வைத்தேன், அங்கே பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்காருவேன். சேர்க்காததற்குக் காரணம் இந்த ஸ்கூல் மோசம் என்பதில்லை. இந்தக் கேட்டைத் தாண்ட எனக்குப் பிடிக்கவில்லை.

தாண்டவும் வேண்டியிருந்தது, ஒருமுறை. பெருவெள்ளம் வந்தபோது எங்கள் காம்பவுண்டு மூழ்கிப்போய், மேடாக்கிக் கட்டிய இந்த ஸ்கூல் புதுக் கட்டடத்தின் மாடியில் கொண்டுவந்து எங்களை விட்டார்கள். எட்டாம் வகுப்பு பி பிரிவு. கரும்பலகையில் பாதி அழித்த சோழர் கால ஆட்சிமுறை, அதன் கீழே நானும் புனிதாவும் பாய் விரித்துப் படுத்திருந்தோம். ரோஷிணி அப்போது சின்னக் குழந்தை, படகில் வந்த ஆள் மெகாபோனில் கத்தியதை அப்படியே கத்திக்காட்டினாள், அத்தனை பேரும் வீட்டை மறந்து சிரித்தோம். புனிதாவும் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, வீட்டுக்காரர் போன புதுசு. அன்றைக்கு அவள் சொன்னாள், "இந்த மாதிரி பெஞ்சுல நான் உக்காந்ததே இல்லக்கா. வாசல்லேர்ந்து பாத்ததோட சரி." எனக்குச் சுருக்கென்றது, ஆனால் ஏன் என்று அப்போது புரியவில்லை. அடுத்த வருஷம் என் அம்மா போய்விட்டாள். காரியத்துக்கு வந்த பூக்காரி சின்னப்பொண்ணு, அம்மாவோடு சித்தாள் வேலை பார்த்தவள், பேச்சுவாக்கில் சொல்கிறாள்: "உனக்குத் தெரியாது கண்ணு, உங்கம்மா அந்த ஏரி ஸ்கூலு கேட்டாண்ட எத்தினி நாளு போய் நின்னா. சிமெண்டுப் புடவையோட எப்டி உள்ள போறது, யாராச்சும் கூப்ட்டா போலாம்னு நின்னேன், யாரும் கூப்டலன்னு வந்து அழுவா." வந்திருக்கிறாள். நான் மரத்தடியில் ஸ்கூலைப் பார்த்து நின்றிருக்கிறேன், அவள் என் முதுகுக்குப் பின்னால் கேட்டில் நின்றிருக்கிறாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை நான் திரும்பிப் பார்த்திருந்தால். இதை நினைக்கக் கூடாது. துக்கமாக எதையாவது நினை என்றால் இவ்வளவு துக்கம் எதற்கு? கண் கலங்கி, மேடம் பார்த்து, என்னம்மா என்று கேட்டு, நான் குழறி. என் பேர் புனிதா. எக்ஸ்போர்ட் கம்பெனி. வீட்டுக்காரர் தவறிவிட்டார். அட கடவுளே, என் வீட்டுக்காரர் நல்லபடியாக இருக்கட்டும், கழுத்தில் தாலி தொங்குகிறதே, இதை யோசிக்கவே இல்லையே நான். தாலியைப் புடவைக்குள் தள்ளிக்கொள்கிறேன். தள்ளும்போது பெஞ்சு டக் என்கிறது.

"ஆன்ட்டி, அழறியா?" ரோஷிணி கிட்டே வந்து கிசுகிசுக்கிறாள். "அம்மான்னு சொல்லுடி" என்கிறேன். "அம்மா, அழறியா?" என்கிறாள் உடனே, புனிதாவின் குரலில், புனிதா கோபமில்லாமல் இருக்கும்போது பேசுகிற அந்தக் குரலில். இவளுக்கு எங்கிருந்து வருகிறது இது? காது கேட்பதையெல்லாம் தொண்டை பிடித்துக்கொள்கிறது. இந்தத் தொண்டையைக் கொண்டுபோய்க் காஜா எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தால் அங்கே மிஷின் மாதிரிதான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இல்லை, விட மாட்டேன். எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், காலில் விழச் சொன்னால் விழலாம். இவள் அந்த வகுப்புக்குள் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். அறைக் கதவு திறக்கிறது. ஆபீஸ் ஆள் தலையை நீட்டி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறார், "ரோஷிணி அம்மா! ரோஷிணி அம்மா யாருங்க? மேடம் கூப்பிடறாங்க." நான் எழுந்துவிட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எதற்கென்று தெரியவில்லை, ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

கேட்டில் புனிதா நிற்கிறாள். கம்பெனி நீலக் கோட்டு, கழுத்தில் கார்டு, தாடைக்கு இறக்கிவிட்ட மாஸ்க். கேட்டு திறந்துதான் கிடக்கிறது. வாட்ச்மேன்கூட நாற்காலியில் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோடு கிழித்த மாதிரி, கேட்டு உருள்கிற இரும்புத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நிற்கிறாள். ஒரு காலை எடுத்து வைக்கிறாள், மறுபடி பின்னால் எடுத்துக்கொள்கிறாள். யார் சொன்னார்கள் இவளுக்கு? தெரிந்துவிட்டது. இப்போது உள்ளே வந்தால் ரோஷிணியின் படிப்பு இன்றோடு முடிந்தது. நான் சத்தமில்லாமல் அறைக்குள் போய்விட்டால் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவாள், நாளைக்கு வரலாம் என்று போய்விடுவாள், எனக்குத்தான் தெரியுமே அந்த நாளைக்கு. அவள் திரும்பிவிட்டாள். முதுகு தெரிகிறது. நான் வராந்தாவை விட்டு இறங்கி நடக்க ஆரம்பிக்கிறேன். "ஆன்ட்டி! ஆன்ட்டி, ரூம் இந்தப் பக்கம்!" என்று ரோஷிணி கத்துகிறாள், அப்புறம்தான் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஆபீஸ் ஆள், "ஆன்ட்டியா? அப்ப அம்மா எங்கம்மா?" என்கிறார். போகட்டும். வேப்பமரத்தைத் தாண்டினேன்.

"புனிதா!"

திரும்பினாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "அக்கா, நீ எங்க இங்க?"

"அதை அப்புறம் சொல்றேன். உனக்கு யாரு சொன்னா?"

"கம்பெனில ஒருத்தி சொல்லிச் சிரிச்சுனு இருந்தா. ஏதோ பொண்ணு எச்செம் மாதிரி மைக்ல பேசி மொத்த ஸ்கூலையும் வூட்டுக்கு அனுப்பிடுச்சாம், அவ பையனும் ஓடியாந்துட்டானாம். லைன் பூரா சிரிக்குதுக்கா, சூப்பர்வைசரு சிரிக்கிறாரு. யாரு பெத்த பொண்ணோன்னாங்க." மாஸ்க்கை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பொண்ணுதான்னு எழுந்து நின்னு சொல்லிட்டேன்."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அவள நிறுத்திடுவாங்களாக்கா? நிறுத்திடாதீங்கன்னு சொல்லத்தான் பர்மிஷன் போட்டு ஓடியாந்தேன். இங்க வந்தா கால் வரல. நான் என்னான்னு பேசுவேன் அவங்ககிட்ட? கூப்பிடாம எப்டி உள்ள போறது?"

"கூப்பிட்டாங்க."

"யாரை?"

"உன்னைத்தான். ரோஷிணி அம்மான்னு கூப்பிட்டாங்க. நான் காதால கேட்டேன், புனிதா. செருப்பைப் போட்டுக்கிட்டு போ."

அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். கோட்டின் பட்டன் ஒன்று திறந்திருந்தது, போட்டுவிட்டேன். தண்டவாளத்தைத் தாண்டினாள். முதலில் மெதுவாக, அப்புறம் மரத்தைக் கடந்ததும் வேகமாக. வராந்தாவில் ரோஷிணி தூணைக் கட்டிக்கொண்டு நின்றவள், அம்மாவைப் பார்த்ததும் தூணை விட்டாள். நான் போகவில்லை. போனால் கேள்வி வரும், அவர்கள் வெளியே வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் கேட்டிலேயே, அந்தப் பக்கமாக நின்றுகொண்டேன். நான் இங்கே நின்று பார்த்ததே இல்லை, எப்போதும் உள்ளிருந்துதான். இங்கிருந்து பார்க்க இந்த ஸ்கூல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, அம்மா.